நிழலுக்கு ஒரு மரம் – ஓக் எனக்குக் கற்றுத்தந்த பாடம்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 2008-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ அமெரிக்காவில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறாய். மாணவர்களுக்குப் பயன்படும்படி பதினைந்து நிமிடம் பேசு" என்றார். "எதைப் பற்றி சார்?" என்று கேட்டேன். "உனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைப் பற்றி" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது என்று ஒன்றும் இல்லை. ஆனால் நன்றாக அடிபட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கட்டடத்தைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ஒரு மரத்தைப் பற்றி.

நம் கேண்டீன் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை இன்று காலையில் போய்ப் பார்த்தேன். நாங்கள் படித்தபோது அதன் நிழலில்தான் பாதிப் பாடம் நடந்தது. மீதிப் பாதி வகுப்பில் நடந்ததாகக் கேள்வி! அந்த மரத்தை யார் நட்டார், எந்த வருஷம் நட்டார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நிழல் இருந்தது, உட்கார்ந்தோம், எழுந்து போனோம். அவ்வளவுதான். நிழலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது எனக்கு முப்பத்தேழு வயதில்தான் உறைத்தது.

ஓக் என்றால் என்ன?

நான் குடியிருப்பது டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துக்கு வடக்கே. வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அங்கே அடிக்கும் வெயிலும் நம் அக்கினி நட்சத்திரத்துக்குச் சளைத்தது அல்ல. 2023 கோடையில் ஆஸ்டினில் தொடர்ந்து 45 நாட்கள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நம் கணக்கில் சுமார் 38 செல்சியஸ். அந்த ஊரில் வீட்டு மேற்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றால் அது அலங்காரம் அல்ல, அத்தியாவசியம்.

அங்கே நிழல் மரம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது ஓக். நம் அகராதிகளில் கருவாலி என்று போட்டிருக்கிறது. ஆனால் நம் சமவெளியில் இல்லாத மரத்துக்கு அகராதிப் பெயர் இருந்து என்ன பயன், ஓக் என்றே சொல்கிறேன். இந்தியாவில் ஓக் இல்லாமல் இல்லை. இமயமலைச் சரிவுகளில் உத்தராகண்ட் பக்கம் 'பாஞ்' என்ற ஓக் காடுகள் உண்டு. பாட்டில் மூடியில் வைக்கும் கார்க்கூட மத்தியதரைக் கடல் ஓரத்து ஓக் ஒன்றின் பட்டைதான்.

உலகத்தில் ஓக் இனங்கள் நானூற்றுக்கு மேல். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். மத்திய டெக்சஸில் வீட்டு முற்றங்களில் அதிகம் காண்பது 'லைவ் ஓக்' என்ற இனம். குளிர்காலத்திலும் இலையோடு பச்சையாக நிற்பதால் அந்தப் பெயர். பழைய இலையை மார்ச் வாக்கில் உதிர்த்துவிட்டு உடனே புது இலை விடும். உயரம் நாற்பது, ஐம்பது அடிதான். ஆனால் பக்கவாட்டில் எண்பது அடி, சமயத்தில் நூறு அடிகூடப் பரவும். குடையை விரித்து வைத்தது மாதிரி இருக்கும்.

சிவில் மாணவர்கள் அந்த மரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு கிளை தரைக்கு இணையாக நாற்பது அடி நீண்டு போகிறது, கீழே ஒரு தூண் கிடையாது. சுத்தமான கேண்டிலீவர்! அடியில் பருத்து நுனியில் மெலிந்து, வளைதிருப்பம் எங்கே அதிகமோ அங்கே கட்டை அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்த ஆசிரியர் கரும்பலகையில் போட்ட வரைபடம் அப்படியே உயிரோடு நிற்கிறது. அந்தக் கட்டையும் லேசுப்பட்டது அல்ல. 1797-இல் நீரில் இறக்கப்பட்ட 'கான்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் உட்சட்டங்களை லைவ் ஓக் மரத்தில்தான் செய்தார்கள். 1812-ஆம் ஆண்டுப் போரில் பீரங்கிக் குண்டுகள் பட்டுத் தெறித்ததைப் பார்த்து அதற்கு 'இரும்பு உடம்பு' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது.

அந்த ஊர்க்காரர்கள் மரத்தின்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஸ்டின் நகரத்தின் நடுவில் 'ட்ரீட்டி ஓக்' என்று ஒரு கிழ மரம் இருக்கிறது. வயது சுமார் ஐந்நூறு என்கிறார்கள். 1989-இல் யாரோ அதன் அடியில் களைக்கொல்லியை ஊற்றிவிட்டார். நூறு மரங்களைக் கொல்லப் போதுமான விஷம். ஊரே திரண்டுவிட்டது. குழந்தைகள் 'சீக்கிரம் குணமாகு' என்று மரத்துக்கு வாழ்த்து அட்டை எழுதினார்கள். ராஸ் பெரோ என்ற தொழிலதிபர், ஆகிற செலவு எல்லாம் என் கணக்கு என்று சொல்லிவிட்டார். மண்ணை மாற்றினார்கள், வெயில் படாமல் திரை கட்டினார்கள், ஊற்றுநீரைத் தெளித்தார்கள். குற்றவாளி பிடிபட்டு 1990-இல் ஒன்பது வருடச் சிறைத்தண்டனை பெற்றார். மரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிச்சம் பிழைத்தது. 1997-இல் மறுபடி காய் பிடித்தது. இன்றும் நிற்கிறது.

மரத்தைக் கொன்றதற்குச் சிறை என்று அந்தக் கதையை முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

2019-இல் ஒரு வீடு வாங்கினோம். முன்பக்கம் ஒரு லைவ் ஓக், பின்பக்கம் ஒரு லைவ் ஓக். பின்பக்கத்து மரம் எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்த வயதைவிட மூத்தது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி, "இந்த வீடே போதுங்க" என்றாள். மகள் பிறந்த பிறகு அதன் கீழே பாய் விரித்துத்தான் படுக்கவைப்போம்.

2023 ஜனவரி 31-ஆம் தேதி இரவு உறைமழை பிடித்தது. மழையாக விழும், பட்ட இடத்தில் பனிக்கட்டியாக உறையும். பிப்ரவரி 2 வரைக்கும் விடவில்லை. இலையோடு நிற்கிற மரம் அல்லவா, ஒவ்வொரு இலையிலும் கண்ணாடிப் பூச்சு மாதிரி பனிக்கட்டி ஏறிவிட்டது. ராத்திரி முழுக்க ஊரெங்கும் துப்பாக்கி வெடிப்பது மாதிரி கிளைகள் முறியும் சத்தம். லட்சக்கணக்கான பேருக்கு மின்சாரம் இல்லை. எங்கள் பின்பக்கத்து மரத்தில் மூன்று பெரிய கிளைகள் முறிந்து தொங்கின.

வெயில் வந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். நான்தான் எஞ்சினியர் ஆயிற்றே! அதுவும் சும்மா ஏறவில்லை, புத்தகம் படித்துவிட்டு ஏறினேன். கிளையை எங்கே வெட்ட வேண்டும்? தண்டோடு ஒட்டச் சீவக் கூடாது, அடியில் சற்றுப் புடைத்த கழுத்து மாதிரி இருக்கும், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். பட்டை உரியாமல் இருக்க முதலில் கீழிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியாக மிச்ச முனையை எடுக்க ஒரு வெட்டு. மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறாது, அது காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்ளும். ஆகவே வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். இப்படி எல்லாம் படித்து, அதன்படி கச்சிதமாக வெட்டினேன். பெயிண்ட் பூசவில்லை.

நண்பர்களே, நான் படித்த புத்தகம் தப்பு இல்லை. உலகத்தில் பெரும்பாலான மரங்களுக்கு, பெரும்பாலான ஊர்களில், அது சரியான விதி. ஆனால் டெக்சஸில் ஓக் மரத்துக்கு மட்டும் அது சரி அல்ல. அங்கே 'ஓக் வில்ட்' என்று ஒரு வாடல் நோய் இருக்கிறது. அது ஒரு பூஞ்சை. மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும், மரம் தாகத்தால் சாகும். சிவப்பு ஓக் வகை மரங்கள் அந்த நோயில் செத்தால், பட்டைக்கு அடியில் பூஞ்சைப் பாய் ஒன்று உண்டாகும். பழம் அழுகிய மாதிரி வாசனை வரும். அதைத் தேடிச் சின்னச் சின்ன வண்டுகள் வரும். அதே வண்டுகள் அடுத்ததாகப் புதுக் காயத்தின் சாற்றைத் தேடிப் பறக்கும். அந்த வண்டுக்கு என் மரத்தின் வெட்டு வாய் ஒரு திறந்த வாசல்.

ஆகவே அங்கே இரண்டு விதி. ஒன்று, பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஓக் மரத்தில் கத்தி வைக்காதே. இரண்டு, புயலில் முறிந்து வேறு வழியில்லாமல் வெட்டினால், வெட்டிய நிமிடமே பெயிண்ட் பூசு. அது எந்த மாதமானாலும் பூசு. கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட்கூடப் போதும். அந்த வாரம் மாநில வனத்துறையும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கிழவிகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. ஏன்? நான் கோடு படித்தேன், சைட்டைப் பார்க்கவில்லை.

2024 மார்ச்சில் இலை உதிர்ந்தது. வருஷா வருஷம் உதிர்வதுதானே என்று விட்டுவிட்டேன். ஏப்ரல் முடிந்தும் நிற்கவில்லை. குனிந்து ஓர் இலையை எடுத்துப் பார்த்தேன். நரம்புகள் மட்டும் பழுப்பாகி, இடையில் பச்சையாக, மீன் முள்ளை வரைந்த மாதிரி இருந்தது. சான்று பெற்ற மர நிபுணர் ஒருவரை அழைத்தேன். பார்த்த உடனே அவர் முகம் மாறிவிட்டது. கிளைத் துண்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்துப் பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ஓக் வில்ட்தான் என்று முடிவு வந்தது.

வேலிக்கு அடியில்

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். லைவ் ஓக் தனி மரமாகப் பார்வைக்குத் தெரியும். தரைக்கு அடியில் அப்படி இல்லை. ஒரே வேரிலிருந்து பல மரங்கள் முளைத்திருக்கும், பக்கத்து மரத்தின் வேரும் இதன் வேரும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் மேலே வேலி போட்டு, பத்திரம் எழுதி, இது உன் மரம் அது என் மரம் என்கிறோம். அவை கீழே கைகோத்து நிற்கின்றன. நோயும் அந்த வழியாகத்தான் நடக்கிறது, வருஷத்துக்குச் சராசரியாக 75 அடி. என் மரத்துக்கும் பக்கத்து வீட்டு அம்மாவின் முதல் மரத்துக்கும் இடையே 60 அடி.

அந்த அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். மூன்று மரங்கள் அவர் வீட்டில். அதில் ஒன்றில் பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல். என் மகளும் அதில் ஆடியிருக்கிறாள்.

இரண்டு நாள் நான் அவரிடம் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நோய் என் வெட்டிலிருந்துதான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. புயலில் ஊரெல்லாம் கிளை முறிந்தது. எங்கிருந்தும் வந்திருக்கலாம், யாருடைய வேர் வழியாகவும் வந்திருக்கலாம். வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள்: "நாளைக்கு அவங்க மரத்துல இலை பழுத்துச்சுன்னா, அப்புறம் சொல்லி என்னங்க பிரயோசனம்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் இந்த நோய்க்கு மருந்து உண்டு. வேர்க்கழுத்தில் ஊசி மூலம் செலுத்துகிற பூஞ்சைக்கொல்லி. நோய் அறிகுறி தெரிவதற்கு முன்பு போட்டால்தான் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு நாள் மௌனமும் அந்த அம்மாவின் மரத்துக்குச் செலவு.

போய்க் கதவைத் தட்டினேன். வெட்டியதை, பெயிண்ட் பூசாததை, சோதனை முடிவை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிப்ரவரியில் நீ மேலே நின்று வெட்டிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படித்த பையன், தெரிந்துதான் செய்வான் என்று நினைத்து வந்து சொல்லவில்லை" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தைத்த மாதிரி எந்த வார்த்தையும் தைத்ததில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நடுவில் மரம் போயிற்று.

வேரைத் துண்டிக்க நான்கு அடிக்குக் குறையாத ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுவது இன்னொரு வழி. எங்கள் தெருவில் எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், கேபிள் எல்லாம் குறுக்கே போவதால் அது நடக்கவில்லை. அந்த அம்மாவின் மூன்று மரங்களுக்கும் ஊசி போட்டோம். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். பாதிதான் சம்மதித்தார். இன்று வரை மூன்றும் பச்சையாக நிற்கின்றன. பிழைத்துவிட்டன என்று அடித்துச் சொல்ல இன்னும் சில வருஷம் ஆகும். எங்கள் முன்பக்கத்து மரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அந்தப் பக்கத்து வீட்டில் இரண்டு மரங்கள், நாங்கள் போய்ச் சொல்வதற்கு முன்பே பட்டுவிட்டன. அந்த வீட்டுக்காரர் இன்றும் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் பின்பக்கத்து மரம் 2024 செப்டம்பரில் முழுதும் பட்டுப்போனது. ஆளை வைத்து வெட்டினோம். அன்று சாயங்காலம் சமையலறையில் வெயில் வந்து விழுந்தது. ஐந்து வருஷத்தில் அந்த அறைக்குள் மேற்கு வெயிலை நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்பாவும் கடப்பாரையும்

அந்த நவம்பரில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு விவசாயி என் அப்பா. வெட்டிய அடிமரத்தைப் பார்த்தார். கதை முழுக்கக் கேட்டார். "சரிப்பா, போனது போச்சு. அடுத்து என்ன நடப்போறே?" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

இந்தமுறை கேட்டுவிட்டு நட்டேன். மாநில வனத்துறையின் ஆலோசனைகளைப் படித்தேன், மர நிபுணரிடம் கேட்டேன், பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேட்டேன். ஓக் இனங்கள் எல்லாம் ஒன்று இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? சிவப்பு ஓக் வகைகள் இந்த நோயில் சில வாரங்களிலேயே போய்விடும். வெள்ளை ஓக் வகைகள் தாங்கும். பர் ஓக், சின்காபின் ஓக், மான்டெரே ஓக் ஆகியவை இந்தக் கூட்டம். இதில் மான்டெரே ஓக்கைத் தேர்ந்தெடுத்தோம். மெக்சிகோ நாட்டு மரம், டெக்சஸ் எல்லையில் கொஞ்சம் இயற்கையாகவே உண்டு. குளிர்காலத்திலும் பெரும்பாலும் இலை நிற்கும், வறட்சி தாங்கும், ஓக்குகளில் வேகமாக வளரக்கூடியது. துளிர் விடும்போது இலை செம்மண் நிறத்தில், நம் மாந்தளிர் மாதிரி இருக்கும். என் அம்மாவுக்கு அதனாலேயே பிடித்துப்போயிற்று.

நடுகிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது ஓக்குக்கு மட்டும் அல்ல, நீங்கள் நம் ஊரில் வேம்போ புங்கமோ நட்டாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலாவது, இடம். வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாக, மேற்கு அல்லது தென்மேற்குப் பக்கம். கன்றின் இன்றைய அளவைப் பார்க்காதீர்கள், முப்பது வருஷம் கழித்து இருக்கப்போகும் அளவைத் தாளில் வட்டம் போட்டுப் பாருங்கள். அங்கே தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குத் தகவல் சொன்னால், கீழே போகும் குழாய்களை வந்து குறித்துத் தருவார்கள்.

இரண்டாவது, காலம். அந்த ஊருக்கு அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள். கோடைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் வேண்டும்.

மூன்றாவது, கன்று. தொட்டியிலிருந்து எடுத்ததும் வேரைப் பாருங்கள். தொட்டியையே சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை வெட்டி நேராக்க வேண்டும். விட்டால் அதுவே பின்னாளில் கழுத்தை நெரிக்கும் கயிறு.

நான்காவது, குழி. அகலம் தொட்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். தண்டு விரிந்து வேராகிற அந்த அடிப்பாகம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நம்மைப்போன்ற அஸ்திவாரக்காரர்கள் நினைப்போம். மரம் தூண் இல்லை, வேருக்கு மூச்சு வேண்டும்.

ஐந்தாவது, தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். முதல் வருஷம் உரம் வேண்டாம். மேலே மூன்று அங்குலத்துக்கு மரத்தூளோ சருகோ மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல். கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நின்று நிதானமாக மண் ஊறும்படி தண்ணீர். புல்லுக்குத் தெளிக்கிற தண்ணீர் போதாது. நடுத்தண்டின் நுனியைக் கிள்ளாதீர்கள்.

எங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு அடி மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐ-35 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே போனால் நம் கோவில்பட்டி மாதிரியே வெடிக்கிற கரிசல், மேற்கே வந்தால் பாறை. மண்வெட்டி இறங்கவில்லை. அப்பா, "கடப்பாரை இருக்கா?" என்றார். கடைக்குப் போய்த் தேடினால், ஆச்சரியம், அதே கடப்பாரை! எழுபது வயதில் என் அப்பா அமெரிக்கப் பாறையில் கடப்பாரை போட, நான் கல்லை அள்ள, ஒன்றரை நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. குழி கொஞ்சம் ஆழமாகிவிட்டது என்று அவர் கையைக் காட்டினார். அப்பா தலையாட்டிவிட்டு மண்ணைத் திரும்ப இட்டு மிதித்தார். இந்தத் தடவை அவர் சொன்னார், நாங்கள் கேட்டோம்.

கன்று நட்டு முடித்ததும் நான் அப்பாவிடம், "இது பெரிய நிழலா ஆக இருபது வருஷம் ஆகும்ப்பா" என்றேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "நம்ம வீட்டு வாசல் வேம்பு எங்க தாத்தா வச்சதுப்பா. அவர் அதுல ஒருநாளும் கட்டில் போட்டுப் படுத்ததில்ல" என்றார்.

அதே நவம்பரில் என் மகள் அந்த அம்மாவின் மரத்தடியில் ஓக் காய்களைப் பொறுக்கி வந்தாள். தண்ணீரில் போட்டு, மிதந்ததைத் தள்ளிவிட்டு, மூழ்கியதைத் தொட்டியில் ஊன்றினோம். லைவ் ஓக் காய் அந்தப் பருவத்திலேயே முளைக்கும். ஆனால் நாள்கணக்கில் மேலே ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குப் பொறுமை இல்லை, ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டாள். கீழே ஒரு சாண் வேர் போயிருந்தது. மேலே வருவதற்கு முன் கீழே போகிறது அந்த மரம்.

மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இங்கே ஓக் நடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இது ஓக்கின் மண் இல்லை. நமக்கு வேம்பு, புங்கம், பூவரசு, இலுப்பை இருக்கின்றன. நான் சொல்ல வந்தது வேறு.

நாளைக்கு நீங்கள் எஞ்சினியர் என்ற பெயரோடு ஓர் ஊருக்குப் போவீர்கள். கையில் கோடு புத்தகம் இருக்கும். அது சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்த ஊரில் முப்பது வருஷம் குடியிருக்கும் ஒருவரிடம், "இங்கே ஏதாவது விசேஷம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு மரம், என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மரம். அப்படியும் தவறு நடந்துவிட்டால், மருந்து வேலை செய்கிற காலத்துக்குள் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தவன் சொல்கிறேன்.

எங்கள் மான்டெரே ஓக் ஒரு கோடையைத் தாண்டிவிட்டது. இப்போது என் தோள் உயரத்தைக் கடந்து, தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கிறது. அதன் நிழலில் இன்றைக்கு ஒரு பூனை படுக்கலாம். போதும்.

இந்த மேடையிலிருந்து இறங்கியதும் கேண்டீன் வாசலுக்குப் போகிறேன். அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை நட்டவர் யார் என்று பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள். பதினேழு வருஷம் தாமதமாக ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.